பொட்டு வைத்த புது வண்டி

தீயணைப்புத் துறையில் இருப்பவனுக்கு எதைக் கண்டால் பயம் என்று கேட்டால், எல்லாரும் நெருப்பு என்பார்கள். அதெல்லாம் இல்லை. நெருப்பு எங்களுக்குப் பழகிய முகம். பயம் எல்லாம் அதைச் சுற்றி நிற்கிற கூட்டத்தைப் பார்த்துத்தான். வண்டி தெருவுக்குள் நுழைந்தால் போதும், டீ குடித்துக்கொண்டிருந்தவர், ஆட்டோவில் தூங்கிக்கொண்டிருந்தவர், வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தவர் என்று அத்தனை பேரும் அந்த நிமிஷமே எங்களுக்கு மேலதிகாரி ஆகிவிடுவார்கள். "அந்தாண்ட அடி நைனா", "அய்ய, இந்தாண்ட அடிப்பா" என்று உத்தரவு பறக்கும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் கூட்டத்தில் கூடப் பிறந்த அக்காவும் நின்றுகொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அப்போது நான் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு நிலையத்தில் ஓட்டுநர். எங்கள் வேலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறவன்தான் தீப்பிடித்த இடத்தில் பம்பையும் இயக்க வேண்டும். மற்றவர்கள் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓட, நான் வண்டிப் பக்கத்திலேயே நின்று தண்ணீர் அனுப்ப வேண்டும். எங்களிடம் இருந்த பழைய வண்டியில் அதற்கு ஒரே ஒரு நெம்புகோல். இழுத்தால் தண்ணீர் வரும், தள்ளினால் நிற்கும். (சில நாள் தள்ளினாலும் நிற்காது. அப்போது காலால் ஒரு உதை.)

ஆனால் எங்கள் ஏரியாவுக்குத் தண்ணீர் மட்டும் போதாது. மணலிப் பக்கம் திரும்பினால் எண்ணெய், எண்ணூர்ப் பக்கம் திரும்பினால் ரசாயனம், நடுவில் சந்துக்குச் சந்து குடோன். எண்ணெய் எரியும்போது தண்ணீர் அடித்தால் நெருப்பு தண்ணீர் மேலேயே மிதந்துகொண்டு அடுத்த தெருவுக்கு விருந்துக்குப் போகும். அதற்கு நுரைதான் மருந்து. ஃபோம் என்போம். வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒருவழியாக எங்களுக்கும் ஒரு புது வண்டி வந்தது. ஃபோமுக்குத் தனி டேங்க். கூரை மேல் பீரங்கி மாதிரி சுழலும் குழாய். பக்கவாட்டு ஷட்டரைத் தூக்கினால் பொத்தான் பொத்தானாக ஒரு பலகை, ஒவ்வொரு பொத்தானுக்குக் கீழேயும் வெள்ளை நிறத்தில் பொடிப் பொடியாக இங்கிலீஷ் எழுத்து.

வண்டி செய்த கம்பெனியிலிருந்து ஒரு பொறியாளர் வந்து அரைநாள் பாடம் நடத்தினார். பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். அவர் தும்மியதற்குக்கூட ஆட்டியதாக மைக்கேல் இன்றும் சொல்வான். மைக்கேல் ராயபுரத்துக்காரன், குழாய் முனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிற ஆள், என் தோஸ்து.

"இன்னா மாமு, எதுனா புரிஞ்சிச்சா?" என்று கேட்டான்.

"இதுல புரிய இன்னா கீது? அதான் ஒவ்வொண்ணுக்குக் கீழயும் எழுதி வெச்சிகீறானே. படிக்கத் தெரிஞ்சா போதும்" என்றேன். அவ்வளவு திமிர் எனக்கு.

வண்டி வந்த கையோடு ஆயுத பூஜையும் வந்தது. அன்றைக்கு வடசென்னையில் ஸ்பேனரிலிருந்து கிரேன் வரைக்கும் பொட்டு வைக்காத இரும்பே இருக்காது. எங்கள் நிலையத்திலும் வீட்டு ஆட்களெல்லாம் வந்திருந்தார்கள். இரண்டு தெரு தள்ளி லைன் வீடு ஒன்றில் குடியிருந்த என் அக்கா கலா, மாம்பழக் கலர் பட்டுப் புடவையும் கையில் சந்தனக் கிண்ணமுமாக வந்து நின்றாள். தன் வீட்டுத் தையல் மிஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டு நேராக வந்திருந்தாள். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. தெருவில் பாதிப் பெண்களின் ரவிக்கைத் துணி அவள் வீட்டில்தான் இருந்தது.

"புது வண்டி, நீயே வைடா கொமாரு. ஓட்றவன் வெச்சாத்தான் ராசி" என்று கிண்ணத்தை என்னிடம் கொடுத்தாள்.

எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. முகப்புக்கு, கண்ணாடிக்கு, டயருக்கு, ஏணிக்கு என்று வைத்துக்கொண்டே போய் பொத்தான் பலகைக்கு வந்தேன். அங்கே கொஞ்சம் யோசித்தேன். (அன்று முழுக்க நான் யோசித்தது அந்த ஒரு தடவைதான்.) பொத்தான் மேலேயே சந்தனம் வைத்தால் இடுக்கில் இறங்கி இறுகிக்கொள்ளும், பிறகு அழுத்த வராது. அதனால் வெகு ஜாக்கிரதையாக, பொத்தானைத் தொடாமல், ஒவ்வொன்றுக்கும் கீழே அளவாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். அழுத்தம் காட்டும் மீட்டருக்கு நெற்றி மாதிரி வட்ட முகம் இருந்ததால் அதற்கு விபூதிப் பட்டை. தள்ளி நின்று பார்த்தேன். அம்மன் சன்னதி மாதிரி இருந்தது. எனக்கே கும்பிடத் தோன்றியது.

பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்கு எடுக்கக் கூடாது என்பது எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். மாணவர்களுக்குப் புத்தகத்திலிருந்து விடுதலை, தச்சருக்கு உளியிலிருந்து விடுதலை. எங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. பொரியும் கடலையும் வாயில் போட்டு முழுசாக மெல்லவில்லை, மணி அடித்துவிட்டது.

தீப்பிடித்த இடம் அக்காவின் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த குடோன். அங்கேயும் பூஜை போட்டுக் கற்பூரம் ஏற்றிவிட்டு, வாசல் காவலாளியைத் தவிர எல்லாரும் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். வழியெல்லாம் உடைத்த பூசணிக்காய். அதன் மேல் புது வண்டியை வழுக்காமல் ஓட்டிப் போய்ச் சேர்ந்ததுதான் அன்று நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம். லைன் வீட்டு ஜனங்கள் எல்லாரும் ஏற்கனவே தெருவுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் குடோனின் பின்சுவரும் அக்கா வீட்டின் சமையலறைச் சுவரும் ஒன்றுதான். நெருப்பு அந்தப் பக்கம் திரும்பினால் முதலில் போவது அவள் வீடு.

உள்ளே வெறும் அட்டைப் பெட்டிதான் என்று காவலாளி சொன்னார். அதை நம்பி, முன்னால் வந்த பழைய வண்டியிலிருந்து தண்ணீர் அடித்தார்கள். அடுத்த நிமிஷம் நெருப்பு தரையோடு தரையாக ஓடி வந்தது. அட்டைக்குப் பின்னால் பழைய இன்ஜின் ஆயில், பீப்பாய் பீப்பாயாக. தண்ணீர் பட்டதும் எண்ணெய் மிதந்து, பின்சுவரைப் பார்த்துப் போக ஆரம்பித்தது.

எங்கள் நிலைய அலுவலர் திருநெல்வேலிக்காரர். சாதாரணமாகப் பேசினாலே பஸ் ஸ்டாண்டுக்குக் கேட்கும். "தண்ணிய நிறுத்துங்கவே! குமாரு, ஃபோமைத் தொறயும்! சீக்கிரம்!" என்று கத்தினார்.

பக்கத்து நிலையங்களின் ஃபோம் வண்டிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தன. அந்த நேரத்தில் அந்த இடத்தில் ஃபோம் இருந்த வண்டி ஒன்றுதான். அதன் பக்கத்தில் இருந்த ஆளும் ஒருவன்தான். கம்பீரமாக ஷட்டரைத் தூக்கினேன்.

வரிசை வரிசையாகப் பொட்டு என்னைப் பார்த்தது.

எந்தப் பொட்டுக்குக் கீழே எந்த எழுத்து என்று எனக்கு ஒன்றுமே நினைவில் இல்லை. நகத்தால் சுரண்டினேன். வெயிலிலும் நெருப்புச் சூட்டிலும் சந்தனம் காய்ந்து, சிமெண்ட் பூசின மாதிரி இறுகிக் கிடந்தது. சரி, கடவுள் விட்ட வழி என்று ஒரு பொத்தானை அழுத்தினேன். கூரையிலிருந்து ஒரு கம்பம் மெதுவாக, மிக மெதுவாக மேலே எழும்பி, உச்சி வெயிலில் பளீரென்று விளக்குப் போட்டது.

கூட்டம் கை தட்டியது.

"லைட்டு எதுக்குவே பட்டப் பகல்ல?" என்றார் அலுவலர்.

அடுத்த பொத்தான். சைரன் அலறியது. அதற்கடுத்தது. கூரை மேல் இருந்த பீரங்கிக் குழாய் நெருப்புக்கு முதுகைக் காட்டித் திரும்ப ஆரம்பித்தது. அதை நிறுத்தலாம் என்று பக்கத்துப் பொத்தானை அழுத்தினேன். குழாய் நின்றது. நின்ற இடத்திலிருந்து வெறும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. முதலில் எங்கள் அலுவலர் மேல். அவர் தொப்பி பறந்துபோய் டீக்கடைப் பாய்லர் மேல் உட்கார்ந்தது. பிறகு கூட்டத்தின் மேல். அதில் முன்வரிசையில், நிலையத்திலிருந்து எங்கள் பின்னாலேயே ஓடி வந்திருந்த மாம்பழக் கலர் பட்டு. நல்லவேளை, எதை அழுத்தினேன் என்று தெரிந்திருந்ததால் அதையே திரும்ப அழுத்தி நிறுத்திவிட்டேன்.

குழாயைப் பிடித்துக்கொண்டு குடோன் வாசலில் நின்ற மைக்கேல், "மாமு, ஃபோமு! ஃபோமு வரல!" என்று கத்தினான். சுவர்ப் பக்கம் கரும்புகை திரண்டு எழுந்தது. அக்கா வீட்டுக் கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் படாரென்று வெடித்த சத்தம் கேட்டது. சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அந்த நிமிஷத்தில் நான் செத்துப் போயிருந்தால் தேவலை என்றுதான் இருந்தது. அவள் புருஷன் போன பிறகு அந்த வீட்டையும் அந்த மிஷினையும் வைத்துத்தான் இரண்டு பெண்களை வளர்த்துக்கொண்டிருந்தாள். அது என் கண்ணெதிரில், என்னால் போகப்போகிறது.

கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிக்கொண்டு அக்கா வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"டேய் கஸ்மாலம், என் வூடு எரியப் போவுது, நீ இன்னாடா நோண்டிகினு கீற?"

"எழுத்து தெரியலக்கா. பொட்டு..."

அவள் பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் அவளுக்கு நேரம் இல்லை. "தள்ளு" என்று தோளால் ஒரு இடி இடித்துவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்திருந்த முந்தானையைச் சுருட்டி, சட்டி கழுவுகிற வேகத்தில் பலகையை மேலிருந்து கீழே தேய்த்தாள். சந்தனம் கரைந்தது, குங்குமம் கரைந்தது, விபூதிப் பட்டையும் போனது. எழுத்து பளிச்சென்று வந்தது. நான்காம் வரிசை மூலையில், நாலே நாலு இங்கிலீஷ் எழுத்து. ஃபோம்.

அழுத்தினேன். மைக்கேலின் கையிலிருந்த குழாய் ஒரு உலுக்கு உலுக்கியது. வெள்ளை வெளேரென்று நுரை போய் எண்ணெய் மேல் படுத்தது. போர்வை போர்த்தின மாதிரி நெருப்பு அப்படியே அமுங்கியது. சுவர் வரைக்கும் போயிருந்த நெருப்பு சுவரைத் தாண்டவில்லை. மற்ற வண்டிகளும் வந்து சேர்ந்து சாயங்காலம் வரை வேலை இருந்தது. ஆனால் லைன் வீடுகளுக்கு இனி ஆபத்து இல்லை என்று அந்த முதல் அமுங்கலிலேயே தெரிந்துவிட்டது.

தெருவெல்லாம் நுரை. ஒருத்தர் அதை அள்ளித் தன் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். "சோப்பு மாரியே கீது நைனா, தெனம் வருவீங்களா?" என்று என்னைக் கேட்டார். நான் வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அவ்வளவு நிம்மதியான அழுகை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அக்கா வீட்டில் சமையலறைச் சுவர் கறுத்திருந்தது, கூரையில் ஒரு ஷீட் உடைந்திருந்தது. மிஷின் பொட்டுக் கலையாமல் இருந்தது. தீபாவளி ரவிக்கைகள் எல்லாம் லேசான புகை வாசனையோடு சொன்ன தேதியில் போய்ச் சேர்ந்தன. அலுவலர் ஈரச் சட்டையோடு என்னைக் கூப்பிட்டார். "பொட்டு வெக்கதா இருந்தா டயருக்கு வையும். இல்லன்னா உம்ம நெத்திக்கு வையும். அதுக்கு மேல கைய நீட்டினீரு..." என்று நிறுத்திக்கொண்டார். மறுநாளிலிருந்து கண்ணைக் கட்டிக்கொண்டு அந்தப் பொத்தான்களை அழுத்திப் பழகினேன். எங்கள் நிலையத்தில் ஆயுத பூஜை அன்று சந்தனக் கிண்ணம் வந்தால், இன்றும் யாராவது ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அக்கா வீட்டில் கதையே வேறு. அந்த வீடு எப்படி நின்றது என்பதற்கு அவளிடம் தனிக் கணக்கு இருக்கிறது. முந்தானையால் துடைத்தது அவள்தான் என்பதையோ, என்னால்தான் துடைக்க வேண்டி வந்தது என்பதையோ அவள் யாரிடமும் சொல்வதில்லை. "என் தம்பி பொட்டு வெச்ச வண்டி, அதான் வூட்ட காப்பாத்திச்சி" என்பாள். அதனால் அவள் வீட்டில் புதுப் பொருள் எது வந்தாலும் நான்தான் போய்ப் பொட்டு வைக்க வேண்டும். போன மாதம் வாஷிங் மிஷின் வாங்கினாள். நான் புத்திசாலியாக, மூடியின் ஓரத்தில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் ஒரு பொட்டு வைத்தேன்.

"அங்க எதுக்குடா வைக்கிற? எழுத்து மேல வைடா" என்றாள்.

"எந்தப் பொத்தான் எதுக்குன்னு தெரியாம போயிடும்க்கா."

"தெரியாட்டி போவுது. வூடு நிக்குதுல்ல?"

வைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அந்த மிஷினில் போட்ட என் சட்டை, ஐந்து வயசுப் பையனுக்குச் சரியாக இருக்கும் அளவில் வெளியே வந்தது. அக்கா அதை மடித்துக் கொடுத்தாள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வந்தேன்.