வாபஸ் வாங்கிய முள்ளம்பன்றி

ஒரு காட்டில் சாக்கடை ஒன்று முள்ளம்பன்றியின் வாசல் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. முன்பு அது அந்தப் பக்கம் ஓடியதில்லை. ஊராட்சித் தலைவர் கரடி வீட்டுக் காதுகுத்துக்கு முள்ளம்பன்றி போகவில்லை. மறுவாரமே யானைகள் குளித்த தண்ணீரெல்லாம் இங்கே திரும்பிவிட்டது. கரடிக்கும் ஒரு நியாயம் இருக்கும் என்பார்கள். நான் போய்க் கேட்கவில்லை.

முள்ளம்பன்றி கிராமசபையில் மனு கொடுத்தது. கரடி அதை வாங்கி விசிறிக்கொண்டது. இன்னொரு மனு கொடுத்தது. அதையும் வாங்கி விசிறிக்கொண்டது. நல்ல வெயில் காலம்.

வளைக்குள் ஈரம் ஏறிக் குட்டிகள் இருமின. "மழைக்கு முன்னாடி இந்தத் தண்ணி போகலைன்னா, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க சாக்கடைக்குக் காவல் இருங்க" என்றது மனைவி.

அந்த நேரத்தில் தேர்தல் வந்தது. பக்கத்து வளைக் கீரி ஓடி வந்தது. "தம்பி, நீயே நில்லு. கரடி ஆடிப்போயிடும்."

"எனக்கு மேடையில பேச வராதேண்ணே."

"கரடிக்கு மட்டும் வருதா? மைக்கைப் பிடிச்சு உறுமுது, எல்லாரும் கைதட்டுறாங்க."

"தோத்துட்டா?"

"இப்ப என்ன ஜெயிச்சுக்கிட்டா இருக்கே?"

முள்ளம்பன்றிக்குச் சோறு இறங்கவில்லை. நின்று தோற்றால் கரடி சாக்கடையை வளைக்குள்ளேயே விட்டுவிடும். நிற்காவிட்டால் மனைவி போய்விடும். கடைசியில் நிற்பது என்று முடிவு செய்தது.

கீரிதான் முன்மொழிந்தது. மாலையும் அதுதான் வாங்கிப் போட்டது. வீடு வீடாகப் போய், "நம்ம தம்பி நிக்குது, கரடியைக் குகைக்கு அனுப்புங்க" என்று தொண்டை கட்டும்வரை கத்தியது. முயல்கள் தலையாட்டின. அவை எல்லாருக்கும் தலையாட்டும்.

வாபஸ் வாங்கக் கடைசி நாள். காலையிலேயே கரடி ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நின்றது.

"என்ன மாப்ளே, குட்டிகளுக்கு இருமலாமே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ரெண்டு மனு கொடுத்தேனுங்களே."

"அதையெல்லாம் யாரு படிக்கிறா? வேட்புமனுன்னா படிப்பேன்."

மத்தியானத்துக்குள் வாசல் காய்ந்துவிட்டது. முள்ளம்பன்றி போய் வாபஸ் வாங்கியது. எதிர்த்து நிற்க வேறு ஆள் இல்லாததால் கரடி போட்டியின்றி ஜெயித்தது.

சாயங்காலம் கீரி வந்தது. நாலு காலிலும் சேறு.

"அடப்பாவி! தண்ணியை என் வாசலுக்குத் திருப்பிட்டான். உனக்காகத்தானடா கத்தினேன்?"

"உடம்பு முடியலைண்ணே, அதான்" என்று முள்ளம்பன்றி இருமிக் காட்டியது.

"அடுத்த தேர்தல்ல நானே நிக்கிறேன் பாரு!"

"தாராளமா நில்லுங்கண்ணே. என் ஓட்டு உங்களுக்குத்தான். முன்மொழியறதுக்கு மட்டும் வேற ஆளைப் பாருங்க."

நீதி: தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்று குழம்பாதே. தைரியமாக நில். வாபஸ் வாங்கும் கடைசி நாள் வரை நின்றால் போதும்.