கடதாசி மீனுக்கு வீசிய வலை

"கடல் தண்ணியைத் தவிர வேற தண்ணியிலை இனி என்ர வலை நனையாது. அந்தோனியார் அறியச் சொல்லுறன்!"

இப்படி அறிவித்துவிட்டு என் வீட்டுக்காரர் தோமஸ், தன் வீச்சுவலையைச் சுருட்டிக் கொட்டிலின் கூரை மரத்தில் கட்டித் தொங்கவிட்டார். சண்டையால் முல்லைத்தீவுக் கரையை விட்டு நாங்கள் முரசுமோட்டைக்கு இடம்பெயர்ந்து வந்து இறங்கிய அன்று நடந்தது இது. வெளிக்கிட்டு ஓடிவரும்போது நான் அம்மியைத் தூக்குங்கோ என்றேன். அவர் வலையைத் தூக்கினார். அன்றிலிருந்து மூன்று வருடமாக நான் இரவல் அம்மியில் மிளகாய் அரைக்கிறேன். வலை ராசா மாதிரி மேலே தொங்குகிறது.

இவர் அறிவிப்புச் செய்வது புதிதில்லை. சுருட்டை விடுகிறேன் என்றார். சுருட்டுத்தான் இவரை விடவில்லை. என் அம்மாவோடு இனிக் கதையே இல்லை என்றார். அடுத்த ஞாயிறு அவாவின் வீட்டில் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டார். ஆனால் இந்த வலை விஷயத்தில் மட்டும் மனிசன் மலை மாதிரி நின்றுவிட்டார்.

கூப்பிடு தூரத்தில் குளம். குளம் முழுக்க யப்பான் மீன் என்கிற திலாப்பியா துள்ளுகிறது. எங்கள் கோப்பையிலோ நிவாரணப் பருப்பு. பருப்பு முடிந்தால் பூசணிக்காய். பூசணிக்காய் அலுத்தால் இரண்டையும் கலந்து ஒரு கறி. என் சின்னவன் மெல்ரொனுக்கு ஐந்து வயது. சோற்றுக் கோப்பையைக் கண்டால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறான். கையும் காலும் ஈர்க்கில் மாதிரி. அவன் விலா எலும்பை எண்ணி எண்ணி எனக்கு விசர் பிடிக்காத குறை. பிள்ளைக்கு மீன் வேண்டும். மீனுக்கு வலை நனைய வேண்டும். இவ்வளவுதான் என் வழக்கு.

"இஞ்சாருங்கோ, ஒருக்கால் குளத்தடிக்குப் போட்டு வாங்கோவன்."

"என்னத்துக்கு?"

"பிள்ளைக்கு ரெண்டு மீன்..."

"அது மீனோ? சேறு செதில் போட்டுக்கொண்டு திரியுது!"

"ஊரெல்லாம் தின்னுதே."

"ஊர் வயல்காரர். அவைக்கு என்ன தெரியும்? கடலிலை பாரை பிடிச்ச கையாலை யப்பான் மீனைப் பிடிக்கிறதோ? அதுக்கும் எனக்கும் என்ன சொந்தம்?"

"அப்ப பருப்புக்கும் உங்களுக்கும் என்ன சொந்தம்?"

கிழக்குப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கடல் அந்தப் பக்கம்தான். பாயை எப்படி மாற்றிப் போட்டாலும் சரி, திசைகாட்டி முள்ளு மாதிரி உருண்டு கிழக்குக்கே வந்துவிடுவார்.

அந்த நாட்களில்தான் மூத்தவள் டக்சாயினி பள்ளிக்கூடத்தால் ஒரு புதுப் பழக்கத்தோடு வந்தாள். கடதாசியில் மீன் மடிக்க ரீச்சர் காட்டிக் கொடுத்திருக்கிறா.

"அம்மா, கடதாசி தாங்கோ."

சோப் வாங்கவே வழியில்லாத காலத்தில் கடதாசிக்கு எங்கே போவது? போன வருடக் கலண்டர் ஒன்று கிடந்தது. மேலே அந்தோனியார் படம், கீழே மாதங்கள். புனிதரை மடித்து மீனாக்கினால் பாவம் அல்லவா? படத்தை வெட்டி எடுத்துத் தட்டிச் சுவரில் குத்திவிட்டு மாதங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். நானும் பக்கத்தில் குந்தினேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எங்கள் காலத்தில் கடதாசி மடித்தால் அடிதான் விழும். இப்போது மடிக்கச் சொல்லித் தருகிறார்கள். படிப்பு முன்னேறித்தான் விட்டது.

சதுரமாக வெட்டு. மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கு. இரண்டு நுனியையும் பின்னுக்கு இழுத்துவிட்டால் வால். பேனையால் ஒரு கண் வைத்தால் மீன். செதில் இருக்கவேண்டிய இடத்தில் திகதி இருக்கும். அவ்வளவு சுகம்.

மகள் ஒரு கடதாசியை விரித்து, ஒரு மூலையை முறுக்கி நீள வாலாக்கினாள்.

"இது திருக்கை," என்றாள்.

"ஏன் பட்டத்துக்கு நூல் இல்லை?" என்று மெல்ரொன் கேட்டான்.

நான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. கரையை விட்டு வரும்போது இவன் என் இடுப்பில் இருந்த பிள்ளை. திருக்கையை எங்கே கண்டான்?

"அம்மா, கடல் எண்டால் குளம் மாதிரியோ?"

பாயில் படுத்திருந்தவரின் முதுகு ஒருமுறை அசைந்தது. பேச்சை மாற்றுவதற்காக என் கையில் இருந்ததை அவசரமாகத் தூக்கிக் காட்டினேன்.

"இஞ்ச பார் மோனை, அம்மா பாரை செய்திருக்கிறன்."

"எது பாரை?" பாயிலிருந்து குரல் வந்தது.

"இதுதான்."

"பாரைக்கு வால் உப்பிடியோ? பிளந்து, அரிவாள் மாதிரி நிக்க வேணும். அது பாரை இல்லை, மடிச்ச பப்படம். கொண்டா இஞ்சை!"

எழும்பி வந்துவிட்டார்! நான் கூப்பிட்டு எழும்பாத மனிசன், ஊர் விதானையார் கூப்பிட்டு எழும்பாத மனிசன், ஒரு பிழையான வாலைக் கண்டு எழும்பி வந்துவிட்டார். அப்போதுதான் என் மூளையில் பொறி தட்டியது.

அடுத்த நாளிலிருந்து நான் வேண்டுமென்றே பிழைவிடத் தொடங்கினேன். நண்டுக்கு வால் வைத்தேன். இறாலைத் தடி மாதிரி நிமிர்த்தினேன். கணவாய்க்கு இரண்டே கால் வைத்து அதற்குச் செருப்பும் கீறினேன். ஒவ்வொன்றுக்கும் அவர் பாயை விட்டு எழும்பி வந்தார்.

"கரையில பிறந்து வளந்தவள் நண்டுக்கு வால் வைக்கிறாள்! உன்னைக் கட்டி வைச்ச கொப்பர்..."

"எனக்கென்னப்பா தெரியும்? சட்டிக்கை போறதைத்தானே நான் கண்டனான்."

ஏழு வயதில் நண்டு உடைக்கத் தொடங்கியவள் நான். தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அவர் திருத்தினார். முரட்டுக் கை, ஆனால் கடதாசியில் பூப்போல ஓடியது. பிள்ளைகள் இரண்டும் அவர் முழங்காலோடு ஒட்டிக்கொண்டார்கள். ஒருநாள் யூன் மாதக் கடதாசியில் ஒரு பாரை மடித்தார். மடித்து முடித்துப் பார்த்தால், மீனின் வயிற்றில் சரியாகப் பதின்மூன்றாம் திகதி.

"அந்தோனியார் பெருநாள்," என்றார்.

எங்கள் கரைக் கோயில் பெருநாள். வள்ளங்களுக்குப் பூச்சு அடித்து, கொடி கட்டி, அந்தோனியாரின் சுருவச் சிலையை ஏற்றிக்கொண்டு கடலில் ஒரு சுற்றுப் போய் வருவார்கள். நான் புதுச்சீலையோடு கரையில் நின்று இவரின் வள்ளம் எது என்று கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்ப்பேன். அந்த வள்ளம் இப்போது எந்த மணலில் கிடக்கிறதோ, கிடக்கிறதோ இல்லையோ. அவர் பெருவிரலால் அந்தத் திகதியைத் தடவிக்கொண்டே இருந்தார். அன்று பின்னேரம் பிழைவிடவே எனக்கு மறந்துபோனது.

ஆனால் மெல்ரொனின் கோப்பையில் சோறு அப்படியே கிடந்தது. நான் மனதைத் தேற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். ஏன் வெள்ளிக்கிழமை? சொல்லுகிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முற்றத்தைக் கூட்டி, "இதிலை ஒரு கடல் செய்வமோ?" என்று பிள்ளைகளைக் கேட்டேன். பிள்ளைகள் கேட்க முதல் தகப்பன் இறங்கிவிட்டார். குதிக்காலால் மணலில் கோடு இழுத்தார்.

"இது கரை. இது கோயில். இஞ்சாலை நந்திக்கடல். இதிலைதான் எங்கட வீடு."

மெல்ரொன் ஓடிப்போய் வீட்டுக்குள் நின்றான். "கடலுக்கு இவ்வளவு கிட்டவோ அப்பா?"

"படுத்திருந்தால் அலை காதுக்கை கேக்கும்."

அவன் உடனே படுத்து, காதை மணலில் வைத்துப் பார்த்தான். நான் என் அடுத்த அடியை வைத்தேன். கடதாசி மீன்களைக் கடலில் பரப்பி, "வாங்கோ பிள்ளையள், அம்மாவின்ர பழைய சீலையை எறிஞ்சு பிடிப்பம்," என்றேன்.

"சீலையாலை மீன் பிடிக்கிறதோ!" மனிசன் கத்திய கத்தில் வேலியில் இருந்த காகம் பறந்தது. "என்ர பிள்ளையளுக்கு நீ எதைப் பழக்குறாய்?"

கூரை மரத்தில் இருந்து வலை இறங்கியது. மூன்று வருடத் தூசி என் தலையில் கொட்டியது. நான் தும்மலை விழுங்கிக்கொண்டு நின்றேன்.

வலையைத் தோளில் போட்டார். ஒரு நுனியைப் பல்லில் கடித்தார். காலை அகட்டி, இடுப்பை வளைத்து, வீசினார்.

தொப்! மூட்டை விழுந்த மாதிரி ஒரே இடத்தில் விழுந்தது. ஒரு கடதாசிச் சூடை மீன்கூட அகப்படவில்லை.

"அப்பாவுக்கு வலை எறியத் தெரியாது!" என்று மெல்ரொன் கைதட்டினான்.

"காய்ஞ்ச வலை விரியாதடா! நனைஞ்சால்தான் விரியும்!"

"அப்ப நனையுங்கோவன்," என்றேன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப என்ர சத்தியம்?"

"ஒரு பிடி உப்புத் தாறன். தண்ணியிலை போட்டு நனையுங்கோ. உப்புத் தண்ணிதானே கடல் தண்ணி? அந்தோனியாருக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். உப்பை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார். அங்கே எங்களுக்குக் கொட்டில் போட இடம் தந்த காணிக்காரி இராசமலர் அக்கா குடத்தோடு நின்றா. வேதக்காரரான எங்களுக்கு வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கி மீன் தின்கிற நாள். சைவக்காரியான அவாவுக்கு வெள்ளிக்கிழமை மீன் மணமே ஆகாத நாள். நான் ஏன் வெள்ளியைப் பார்த்திருந்தேன் என்று இப்போது விளங்கும்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் மீன்வலையோ தம்பி! நான் சுவாமிக்குத் தண்ணி அள்ளுற கிணறு!"

"அக்கா, மூண்டு வருசமாய் மீனைக் காணாத வலை."

"வலை மீனைக் காணாட்டிலும் என்ர மூக்கு மணத்தைக் காணுது. குளம் கிடக்குது, அங்கை போம்!"

இராசமலர் அக்காவுக்கு ஆயிரம் கும்பிடு. மனிசன் உப்புப் பிடியோடு குளத்தடிக்குப் போனார்.

நான் அம்மியடியில் குந்தினேன். மிளகாய் அரைத்தேன், தேங்காய் அரைத்தேன், புளி கரைத்தேன். நடுவில் எங்கோ ஆமியின் ஹெலிகொப்ரர்ச் சத்தம் கேட்டது. ஐயோ, வெளியில் தனியாக நிற்கிறாரே என்று வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்தேன். பிறகு முதலையை நினைத்தேன். முதலை முடிந்து பாம்பு. கறி கொதிக்கும்போது நானும் கொதித்துக்கொண்டிருந்தேன்.

பொழுதுபடும் நேரம் வந்தார். வலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் ஒன்றும் இல்லை.

"மீன்?"

"என்ன மீன்?"

"குளத்திலை..."

"வலையை நனைக்கத்தானே போனனான்? விழுந்ததுகளைத் திரும்ப விட்டிட்டன்."

பருப்புக்கு மீன்குழம்பு கூட்டிய ஒரே பெண் இந்த வன்னியில் நானாகத்தான் இருப்பேன்.

அவர் என்னைக் கவனிக்கவில்லை. ஈரவலையோடு முற்றத்தில் நின்று வீசினார். வலை வட்டமாக விரிந்தது. கரை, கோயில், எங்கட வீடு எல்லாவற்றையும் சேர்த்து மூடிக்கொண்டு மெல்ல இறங்கியது. எனக்கு ஒரு கணம் நிவாரணப் பருப்பும் மறந்தது, முரசுமோட்டையும் மறந்தது. கலியாணம் பேசின வருடம் கரையில் நின்று நான் ஒளித்துப் பார்த்த அதே வீச்சு.

மெல்ரொன் வாயைப் பிளந்து பார்த்தான். பிறகு கேட்டான்.

"அப்பா, கடதாசி மீன் ஓடாதுதானே? ஓடுற மீனைப் பிடிக்க உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியுமோவோ?"

"அப்ப ஏன் வெறுங்கையோட வந்தனீங்கள்?"

மாதா அறிய, இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை விடியும் வெள்ளாப்பில் தகப்பனும் மகனும் குளத்துக்குப் போனார்கள். திரும்பி வரும்போது பனை ஈர்க்கில் கோத்த மீன் மகனின் கையில். பாரம் தாங்காமல் ஒரு பக்கம் சரிந்து நடந்து வந்தான். "ஓடினது அம்மா, ஓட ஓட அப்பா பிடிச்சவர்!"

மத்தியானம் மெல்ரொன் முள்ளைக்கூட விடவில்லை. விரலைச் சூப்பினான், கோப்பையை வழித்தான், இன்னும் கேட்டான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவரும் சாப்பிட்டார்.

"சேத்து மணம்," என்றார். கோப்பையை நீட்டினார். இன்னொரு துண்டு போட்டேன். "சேத்து மணம்தான்," என்று மறுபடி நீட்டினார்.

வென்றது நான்தான். ஆனாலும் கடைசியாகச் சட்டியை வழித்து ஒரு வாய் வைத்தபோது, அது எங்கள் மீன் இல்லை என்று என் நாக்குச் சொல்லியது. எவ்வளவு புளி விட்டாலும் கரை மணம் வராது. நான் அதை அவருக்குச் சொல்லவில்லை. அவர் எனக்குச் சொல்லிவிட்டுத்தானே மூன்றாம் தரம் சாப்பிட்டார்.

பின்னேரம் பார்த்தால், முற்றத்தில் வலையை விரித்துவைத்துக் கிழிசல் பொத்திக்கொண்டிருக்கிறார்.

"நாளைக்கு வெள்ளன எழுப்பிவிடு," என்றார்.

"நாளைக்கு ஞாயிறு. பூசைக்குப் போக வேணும். ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போறேல்லை எண்டு கரையிலை நிண்டு சத்தியம் பண்ணினது ஆர்?"

மனிசன் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தொழிலுக்கு ஆர் போயினம்? நான் வலையை நனைக்கத்தானே போறன்."