மேடு ஏறாத வண்டி

மேடு தொடங்கும் இடத்தில் வண்டி இருமியது. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி, சொல்லாமலே இறங்கிக்கொண்டாள்.

நூலகரும் இறங்கினார். எஞ்சினை உறுமவிட்டபடி வண்டியைப் பிடித்துக்கொண்டு அவளோடு நடந்தார். மேட்டின் பாதியில் கடை வைத்திருந்த தையற்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், வண்டியைக் காத்து வாங்கக் கூட்டிட்டுப் போறீங்களா?"

நூலகர் பல்லை நறநறவென்று கடித்தார்.

"கடிக்காதீங்க, தேஞ்சிடும்," என்றாள் மனைவி. அவளுக்குப் பல் மருத்துவமனையில் வேலை. "இன்னைக்கு ஒருத்தர் டாக்டர் விரலையே கடிச்சிட்டாரு, தெரியுமா? கடிச்சிட்டு அவரே அழுதுட்டாரு."

நூலகர் சிரித்துவிட்டார். மீதிக் கதை வீட்டு வாசல் வரைக்கும் வந்தது. உள்ளே நுழைந்ததும் அவரை அப்பாவின் டிவியும், அவளை மகளின் கணக்குப் பாடமும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டன.

மறுநாள் காலை மெக்கானிக் கடையில் நின்றார்.

"போன வருஷம் நான் காய்ச்சல்ல கிடந்தப்ப வீட்லதான் வண்டியை சர்வீஸுக்குக் கொண்டுவந்தாங்க. அதுலேர்ந்தே மேடு ஏற மாட்டேங்குது. அவங்க தினமும் இறங்கி நடக்கிறாங்க. தெருவே பாக்குது. மானம் போகுது."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். உதிரிப் பாகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அவர் தங்கைக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"பின்னாடி செயின் மாட்டுற பல்சக்கரத்தை, அதான் ஸ்பிராக்கெட்டை, பெருசா போட்டா இழுக்கும் சார். ஆனா நேர் ரோட்டுல கத்தும்."

"கத்தட்டும்."

அன்று மாலை வண்டி இருவரையும் சுமந்துகொண்டு ஆட்டுக்குட்டி போல மேட்டில் தாவியது. தையற்காரர் எழுந்து நின்று கைதட்டினார்.

"எப்படி?" என்று பெருமையோடு கேட்டார் நூலகர்.

"நல்லா இருக்கு," என்றாள் மனைவி. அதற்குள் வீடு வந்துவிட்டது.

ஆனால் சமதரையில் வண்டி அலறியது. சைக்கிளில் போனவர்கள் பரிதாபமாகப் பார்த்துவிட்டு முந்தினார்கள். நூலக வாசலில் அவரே எழுதி மாட்டிய 'அமைதி காக்கவும்' பலகை, அவர் வந்து நின்றபோது கிடுகிடுவென்று ஆடியது. வாசகர்கள் பலகையை அவர் பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டுப் போனார்கள்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மெக்கானிக்கிடம் போனார்.

"சத்தம் குறையணும்."

"அப்ப முன்னாடி எஞ்சின் பக்கம் இருக்கிற சின்ன ஸ்பிராக்கெட்டையும் பெருசாக்கணும் சார். ஆனா..."

"ஆனா ஆவன்னா எல்லாம் வேண்டாம். போடுங்க."

பின் ஸ்பிராக்கெட் கொடுத்ததை எல்லாம் முன் ஸ்பிராக்கெட் வட்டியோடு பிடுங்கிக்கொண்டது. அன்று மாலை மேட்டடியில் வண்டி இருமக்கூட இல்லை. ஒரேயடியாக அணைந்துபோனது. எத்தனை உதைத்தும் உயிர் வரவில்லை.

நூலகர் முன்னால் இழுக்க, மனைவி பின்னால் தள்ளினாள். உறுமல் இல்லாத தெருவில் அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

"ஏங்க, என்னை கிளினிக் மேனேஜர் ஆக்கப் போறாங்களாம்."

"அட! எப்ப சொன்னாங்க?"

"ஒரு வாரம் ஆச்சு."

"ஏன் சொல்லல?"

"எங்க சொல்றது? வண்டிதான் பறந்துச்சே."

நூலகர் நின்றுவிட்டார். ஒரு வாரமாக வீட்டில் அவர்கள் பேசியதை நினைவுபடுத்திப் பார்த்தார். சாவி எங்கே, கேஸ் வந்ததா, லைட்டை அணை. மேட்டைப் பார்த்தார். இவ்வளவு சின்ன மேடா இது?

"உனக்குப் பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"கொஞ்சம்," என்றாள். பிறகு நிறையச் சொன்னாள். தையற்காரர் ஏதோ கேட்டார். இருவர் காதிலும் விழவில்லை.

மறுநாள் காலை மெக்கானிக் கடையில் தங்கை மட்டும் இருந்தாள். நூலகர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"மாத்தினதை எல்லாம் கழட்டிட்டுப் பழைய ஸ்பிராக்கெட்டையே மாட்டச் சொல்லும்மா. தனியா போனா நல்லா ஓடணும். ரெண்டு பேரா போனா மேடு ஏறக்கூடாது. வீட்ல மட்டும் சொல்லிடாதீங்க."

அவள் தயாராக எடுத்து வைத்திருந்த ஸ்பிராக்கெட்டை மேஜைமேல் வைத்தாள்.

"போன வருஷம் உங்க வீட்டு அக்காவும் இதையேதான் சொல்லி இதை மாட்டச் சொன்னாங்க சார், 'வீட்ல மட்டும் சொல்லிடாதீங்க'ங்கிற வரைக்கும்."