காரணம் மேலிருந்து விழுகிறது

தென்காசி வட்டாரத்திலேயே 'கோஇன்சிடென்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்பது கல்லூரி ஆங்கில ஆசிரியர் சிவசுப்பிரமணியனின் அசைக்க முடியாத முடிவு. அந்த ஒருவர் யார் என்று கேட்டால், தன்னடக்கத்தோடு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

மற்றவர்கள் அந்தச் சொல்லைப் படுத்தும் பாடு அவருக்குத் தாங்கவில்லை. செங்கோட்டை பஸ்ஸில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தால் கோஇன்சிடென்ஸாம். அந்த நேரத்துக்கு இருப்பதே ஒரு பஸ்! ஒரு கல்யாணப் பந்தியில், பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே சாதியாக அமைந்ததைக்கூட ஒருவர் கோஇன்சிடென்ஸ் என்றார். சிவசுப்பிரமணியன் ரசத்துக்கு முன்பே எழுந்துவிட்டார்.

இந்த நிலையில்தான் முத்துராஜும் மணிமுத்துவும் ஒரு நாள் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, மறுநாள் லீவு லெட்டரோடு வந்து நின்றார்கள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல காய்ச்சலா, லே?"

"கோஇன்சிடென்ஸ், சார்" என்றான் முத்துராஜ். அவன் காது மடலில், தேய்த்துக் குளித்த எண்ணெய் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

சிவசுப்பிரமணியனுக்கு உச்சந்தலை சூடானது. மட்டம் போட்டதைக்கூட மன்னித்திருப்பார்.

"ஏலே, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ரெண்டு விஷயம் தற்செயலா சேந்து நடந்தாத்தாம்லே அது கோஇன்சிடென்ஸ்! உங்க ரெண்டு காய்ச்சலுக்கும் காரணம் ஒண்ணுதான். அது குத்தாலத்துல மேலருந்து விழுந்துக்கிட்டிருக்கு!"

அதோடு விடவில்லை. நேராகப் பிரின்சிபால் லட்சுமிநாராயணன் அறைக்குப் போனார்.

"சாரல் விழுந்தாப் போதும் சார், காலேஜ்ல பாதிப் பேருக்குக் காய்ச்சல். மீதிப் பேருக்கு மாமியாருக்குக் காய்ச்சல். லீவு போட்டுட்டு அருவியில நிக்கவன் யாரா இருந்தாலும் மெமோ குடுங்க. ஸ்டூடண்ட், ஸ்டாஃப்னு பாக்காதீங்க."

"ஸ்டாஃபுக்குமா?" என்றார் பிரின்சிபால்.

"அவங்களுக்குத்தான் முதல்ல!"

பிரின்சிபால் ஜன்னல் வழியாக மலையில் இறங்கும் மேகத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். கையெழுத்துப் போட்டார். மெமோ வாங்கினால் பதவி உயர்வு கிடையாது என்றும் சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்ந்தது. ஆங்கிலத் துறைத் தலைவர் நாற்காலி அடுத்த மாதம் காலியாகிறது. அதில் உட்காரப்போவது தான்தான் என்பதால் சிவசுப்பிரமணியனுக்கு அந்த வரி மிகவும் பிடித்திருந்தது.

மறுநாள் காலை வாசலுக்கு வந்தார். சாரல் முகத்தில் தூவியது. காற்று சட்டைக்குள் புகுந்து நலம் விசாரித்தது.

அவர் பொய்யாகக் காய்ச்சல் வரவழைக்கிற ஆள் இல்லை. ராயகிரியில் இருக்கிற மாமியாருக்கு வந்தது.

மெயின் அருவி வரிசையில் நாலு ஆளுக்கு முன்னால் ஒரு முதுகு. கல்லூரி நூலகர் சிவனணைந்தபெருமாள்! சிவசுப்பிரமணியன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி, மசூது பாயின் ஆட்டோவில் விழுந்தார்.

"ஐந்தருவிக்கு விடுங்க பாய்."

ஐந்தருவியில் இறங்கினால், பின்னாலேயே வேறொரு ஆட்டோவில் நூலகர் வந்து இறங்கினார். அவரும் ஏனோ தலையில் துண்டைப் போட்டிருந்தார்.

சிவசுப்பிரமணியன் மறுபடி மசூதின் ஆட்டோவுக்குள் பதுங்கினார். அவருக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"என்ன அநியாயம் பாய் இது! வேலை நாள்ல இந்த மனுசனுக்கு இங்கன என்ன வேலை? பொறுப்பு இருக்கா? ஒருத்தன் நிம்மதியா லீவு போட்டுக் குளிக்க முடியுதா?"

"கொடுமைதான் சார்."

"காலேஜ் ஆளு ஒருத்தன்கூட வராத அருவி ஏதாவது இருக்கா?"

"எந்தக் காலேஜ் சார்?"

சொன்னார். மசூது யோசிக்கவே இல்லை. "அப்ப புலியருவிதான்" என்று வண்டியைத் திருப்பினார். அங்கே இறக்கிவிட்டு, "இன்னொரு சவாரி பாத்துட்டு வாரேன்" என்று போய்விட்டார்.

சிவசுப்பிரமணியன் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீருக்குள் நுழைந்தார். ஆகா!

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றது பக்கத்துக் குரல். ஸ்டாஃப் மீட்டிங்தோறும் கேட்கிற குரல். கண்ணைத் திறந்தார். மதுரைக்கு மீட்டிங் போயிருக்கவேண்டிய பிரின்சிபால், இடுப்பில் துண்டோடு நின்றார். அவருக்குப் பின்னால், தலையில் ஷாம்பு நுரையோடு முத்துராஜும் மணிமுத்துவும் சிலையாக நின்றார்கள்.

"மாமியாருக்கு எப்படி இருக்கு?" என்றார் பிரின்சிபால்.

"தேவலை சார். மதுரை மீட்டிங்?"

"முடிஞ்சிட்டு."

அப்போது மசூதின் ஆட்டோ திரும்பி வந்தது. அதிலிருந்து நூலகர் துண்டை முகத்துக்கு இழுத்துவிட்டபடி இறங்கினார். மசூது எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நீங்க எல்லாரும் சேந்தே வந்திருக்கலாம்லா சார்? ஒவ்வொருத்தரா ஏறி, காலேஜ் ஆளு வராத அருவி எதுன்னு ரகசியமாக் கேக்கீங்க. அப்படிக் கேக்கிற உங்க காலேஜ் ஆளுக அத்தன பேரையும் வருசா வருசம் நான் இங்கனதான கொண்டாந்து விடுதேன்!"

முத்துராஜ் நுரையைத் துடைத்துக்கொண்டு பணிவாக முன்னால் வந்தான்.

"சார், இதுக்கு இங்கிலீஷ்ல என்ன வார்த்தை சார்?"

பிரின்சிபாலும் நூலகரும் சிவசுப்பிரமணியனைப் பார்த்தார்கள். சிவசுப்பிரமணியன் அண்ணாந்து பார்த்தார். மேலேயிருந்து காரணம் கொட்டிக்கொண்டிருந்தது.

"கோஇன்சிடென்ஸ்" என்று முணுமுணுத்துவிட்டு, தலையை மறுபடி தண்ணீருக்குள் கொடுத்தார்.