பென்குவினுக்கு ஒட்டகப்பால்

ஒட்டகம் தண்ணீர் குடிக்காமல் எத்தனை நாள் இருக்கும்? இதுதான் கேள்வி. ஏழு நாள் என்று ஆங்கிலப் பாடத்தின் மூன்றாவது வரியிலேயே விடை இருந்தது. எட்டாம் வகுப்பில் ஒட்டகம் மேய்க்கும் வீட்டுப் பிள்ளைகள் இருபத்தேழு பேரும் பதினாலு என்று எழுதியிருந்தார்கள்.

மகோகா வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆங்கிலப் பத்தியைப் படித்து விடை எழுதும் தேர்வில் வகுப்புச் சராசரி ஐம்பதைத் தொட்டால்தான் சொந்த ஊரான புங்கோமாவுக்கு மாற்றல் என்று மாவட்ட அலுவலகம் சொல்லிவிட்டது. அவர் மனைவி நெகேசா அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி எட்டே மாதம். இவரோ சால்பிப் பாலைவனத்தில் மணலைத் தின்றுகொண்டிருக்கிறார். மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

"புஸ்தகத்துல என்ன போட்டிருக்கோ அதை எழுதுங்கப்பா," என்றார்.

"பொய்யை எப்படி சார் எழுதறது?" என்றான் கல்கல்லோ.

மறுநாள் அவன் அப்பா ஜார்சோ சாட்சிக்கு ஒட்டகத்தையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அது பன்னிரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லையாம். இன்னும் இரண்டு நாள் இங்கேயே கட்டிப்போடுகிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஒட்டகம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வருகைப் பதிவேட்டைத் தின்றது.

ஒட்டகமே இல்லாத பாடமாகத் தேடினார் மகோகா. இங்கிலாந்தில் டாம் என்ற விவசாயி, அவனுக்குப் பதினெட்டு மாடு. டாமிடம் எத்தனை மாடு? பச்சைக் குழந்தைகூட எழுதிவிடும். இருபத்தேழு தாளிலும் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. அடுத்தவர் மாட்டை எண்ணிச் சொன்னால் மந்தைக்கு ஆகாதாம்.

"அந்த டாம் நமக்கு என்ன சார் கெடுதல் பண்ணினாரு?" என்று கல்கல்லோ கேட்டான்.

ஆடும் வேண்டாம், மாடும் வேண்டாம் என்று மகோகா தென்துருவத்துக்கே போய்விட்டார். அப்பா பென்குவின் முட்டையைக் காலில் வைத்துக்கொண்டு பனியில் இரண்டு மாதம் நிற்கும். அப்போது அது என்ன சாப்பிடும்? ஒன்றும் சாப்பிடாது என்பது விடை. பிள்ளைகள் ஒட்டகப்பால் என்று எழுதினார்கள். ஒருத்தர் இரண்டு மாதம் பட்டினி நிற்க, அக்கம்பக்கத்தார் ஒரு குவளை பால்கூடக் கொடுக்காமலா இருப்பார்கள் என்று கல்கல்லோவுக்குக் கோபமே வந்துவிட்டது.

தேர்வுக்கு முதல் நாள் மகோகா வெட்கத்தை விட்டுக் கெஞ்சினார். உலகத்தில் எது வேண்டுமானாலும் உண்மையாக இருந்துவிட்டுப் போகட்டும், தாளில் மட்டும் புத்தகம் சொல்வதை எழுதுங்கள், எனக்காக. இருபத்தேழு தலையும் பணிவாக ஆடின.

முடிவு வந்தது. சராசரி பதினொன்று. ஆங்கில வாத்தியாரே இல்லாத போன வருஷத்தில்கூட இருபத்திரண்டு இருந்ததாம்.

இன்னும் ஒரு வருஷம் நெகேசாவைப் பிரிந்து இங்கேயே கிடக்க வேண்டும். மகோகா பிள்ளைகள் முன்னாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்களுக்கு இங்கிலீஷ் ஏறவே ஏறாதா என்று கேட்டார். பாவம், கோபப்படக்கூட அவருக்குத் தெம்பு இல்லை.

வருஷம் முழுக்க வாயே திறக்காத டலாசோ கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"அழாதீங்க சார். நாங்க பாஸானா உங்களை மாத்திடுவாங்கன்னு ஆபீஸ்லேர்ந்து இங்கிலீஷ்ல கடுதாசி வந்துச்சே, அதை அன்னிக்கே படிச்சிட்டோம். அதான் நம்ம ஊர் ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை காலியா இருக்குன்னு உங்க வீட்டம்மாவுக்கு நாங்களே இங்கிலீஷ்ல எழுதிப் போட்டோம், வியாழக்கிழமை லாரியில வந்து இறங்குறாங்களாம்."