பராக்கு அழுத்திய ‘சரி’

“கோப்பு கிடைக்கவில்லை” என்று கம்ப்யூட்டர் மறுபடியும் சொன்னது.

பராக்கு கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் பார்த்தான். நேற்று மாலை வரை சமர்த்தாக ஓடிய நிரல் அது. இன்று அதில் அவன் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. காலையிலிருந்து அவன் செய்த ஒரே வேலை, திரையின் ஓரத்தில் ‘அப்டேட் செய்யலாமா?’ என்று எட்டிப் பார்த்த ஒரு சின்னப் பெட்டியில் ‘சரி’ என்று அழுத்தியதுதான்.

அலுவலகத்தில் அவனுக்குப் பராக்கு என்று பேர் வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு மேகம் நகர்ந்தால் போதும், ஐயாவும் கூடவே நகர்ந்துவிடுவார். கல்யாணத்துக்குப் பிறகு மேகமெல்லாம் ஒரே திசையில்தான் போயிற்று. மனைவி அதே கம்பெனியின் தலைமை அலுவலகத்தில், ஒரு ராத்திரி ரயில் பயண தூரத்தில் இருந்தாள். அந்த அப்டேட் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. அவள் இருக்கும் ஊரிலிருந்து வருகிற எதற்கும் அவனுக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. என்ன ஏது என்று படிக்காமலே அழுத்திவிட்டு மேகத்தைப் பார்க்கப் போய்விட்டான்.

அப்டேட், நிரல் எழுதும் கருவிகளை எல்லாம் புதுசாக்கிவிட்டு ஹெட்டர் ஃபைல்களைக் காணாமல் அடித்துவிட்டது. ஒவ்வொரு நிரலும் முதல் வரியிலேயே ஹெட்டர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும். திரையில் எழுதுவது எப்படி, கணக்குப் போடுவது எப்படி என்று நிரலுக்கு எடுத்துச் சொல்வது அவைதான். கூப்பிட்ட குரலுக்கு அவை வராவிட்டால் நிரல் வாசலிலேயே நின்றுவிடும்.

நின்றுவிட்டது. அதுவும் இன்றைக்குப் பார்த்து.

ஜன்னலோரத்தில் ஐந்து மாடி கொண்ட மாதிரி லிஃப்ட் ஒன்று நின்றது. உயரம் ஓர் ஆள் அளவு. உள்ளே ஏறி இறங்கும் அறை செருப்புப் பெட்டி அளவு. மாடிக்கு மாடி தூக்கிப்போட்டு நின்றுகொண்டிருந்த அதை, தூக்கம் வந்தவன் தலையணையில் தலை சாய்ப்பது போல மெதுவாக நிற்கவைக்க வேண்டும். பராக்குவின் வேலை அது; அவன் நிரலும் அதற்குத்தான். நாலு மணிக்கு மேனேஜர் வந்து பார்ப்பார்.

“தலைமை அலுவலகத்துல நம்மகிட்டேருந்து ஒரு ஆள் கேக்கறாங்க. உன் வேலையையும் கொட்டாவி வேலையையும் பாத்துட்டு யார அனுப்பறதுன்னு சொல்றேன்” என்று அவர் நேற்றே சொல்லியிருந்தார்.

கொட்டாவி என்பது பக்கத்து நாற்காலிக்காரன். பேருக்கு விளக்கம் தேவையில்லை. ஆக, மாற்றல் தன் பையில் இருக்கிறது என்றே பராக்கு நினைத்தான். மனைவியிடம் மூச்சு விடவில்லை. ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருநாள் காலையில் போய்க் கதவைத் தட்டுவதாக உத்தேசம். அவள் கலைந்த தலையோடு கதவைத் திறப்பதை அவன் இதற்குள் பலமுறை பார்த்துவிட்டான். ஒவ்வொரு முறையும் வேறு நிறத்தில் புடவை.

முதல் வைத்தியமாகக் கருவிகளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினான். ஒரு நீலக் கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஊர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவன் ரயிலேறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, நாலைந்து ஸ்டேஷன் கடந்துவிட்டான். கோடு முடிந்தபோது ஹெட்டர்கள் வரவில்லை. போதாக்குறைக்குப் பழைய அமைப்புகளும் போயிருந்தன.

மனைவிக்கு போன் செய்தான்.

“உங்க ஆபீஸ்லேருந்துதான் அனுப்பியிருக்காங்க. ஹெட்டர் ஃபைல் ஒண்ணுகூட இல்ல. எந்தப் புண்ணியவான் பண்ணின வேலைன்னு பாத்து, என் சார்பா நாலு திட்டு திட்டேன்.”

“ம்... திட்டறேன்” என்றாள் அவள். “பக்கத்துல ஆள் இருக்காங்க. நீ எதையும் நோண்டாத. இன்னிக்கு ஒரு நாள் அது அப்படியே கெடக்கட்டும்.”

“அப்படியே கெடக்கட்டுமா? இன்னிக்கு எனக்கு எவ்வளவு முக்கியமான நாள் தெரியுமா?”

“என்ன முக்கியம்?”

“அது... அப்புறம் சொல்றேன்.”

“நானும் அப்புறம் சொல்றேன்” என்று வைத்துவிட்டாள். தன் திறமையில் அவளுக்கு நம்பிக்கை இல்லை என்று அவனுக்குச் சுருக்கென்றது. அதற்காகவே சரி செய்து காட்டுவதென்று சட்டைக் கையை மடித்துக்கொண்டான்.

கம்ப்யூட்டரின் ஒரு மூலையில் என்றோ ஏற்றிய பழைய ஹெட்டர்கள் ஒரு ஃபோல்டரில் கிடந்தன. அங்கே போய்ப் பார் என்று புதுக் கருவிக்கு வழி காட்டிவிட்டான். புதுக் கருவிக்குப் பழைய ஹெட்டர் பேசுவதன் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரே ஒரு பிழை இருந்த திரையில் பிழைகள் மழையாகக் கொட்டின.

“அழகா இருக்கு” என்றான் கொட்டாவி, எட்டிப் பார்த்து. “இங்கேருந்து பாத்தா அருவி மாதிரி.”

“உன் கம்ப்யூட்டர்ல அந்த அப்டேட் வந்துதா?”

“கேட்டுச்சு. பதில் சொல்லச் சோம்பலா இருந்துச்சு, விட்டுட்டேன்.”

பராக்குவுக்கு அவன் தெய்வமாகத் தெரிந்தான். கேபிளைக் கொண்டு இரண்டு கம்ப்யூட்டரையும் இணைத்தான். காப்பி எடுக்க வேண்டியவன், ரயில் ஞாபகத்தில், இடம் மாற்றும் கட்டளையைக் கொடுத்துவிட்டான். ஃபைல்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பின. பாதி வழியில் கொட்டாவி ஒரு நீண்ட கொட்டாவி விட்டுக் காலை நீட்ட, கேபிள் கழன்று விழுந்தது. வந்தது பாதி, அங்கே மிச்சம் பாதி. எந்தப் பாதியும் தனியாக எதற்கும் உதவாது.

“இப்ப என்னுதும் ஓடாதா?” என்று கேட்டான் கொட்டாவி.

“ஓடாது.”

“நல்லது” என்று அவன் கையை மடித்துத் தலையணையாக்கிக்கொண்டான்.

சர்வரில் மொத்த அலுவலகத்துக்கும் பொதுவாக ஹெட்டர் தொகுப்பு ஒன்று இருப்பது அப்போதுதான் பராக்குவுக்கு நினைவு வந்தது. இரண்டு ஃபோல்டர்களையும் ஒன்றுபோல ஆக்கு என்று ஒரு கட்டளை உண்டு. எது எதைப் போல ஆக வேண்டும் என்பதை மட்டும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். நம்மவன் மாற்றிச் சொன்னான். அவனுடைய கந்தலைப் பார்த்து சர்வரும் தன்னைக் கந்தலாக்கிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் தட்டச்சுச் சத்தம் ஒவ்வொரு மேசையாக அடங்கியது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது இப்போதுதான் எல்லார் காதிலும் விழுந்தது. தண்ணீருக்கு அடியில் இருப்பது போலப் பச்சை வெளிச்சத்தில் அலுவலகமே அசையாமல் உட்கார்ந்திருந்தது.

மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தார். “என்னய்யா, எல்லாரும் சும்மா உக்காந்திருக்கீங்க?”

“சார், எதுவும் ஓடல. சர்வர்ல ஹெட்டர் ஃபைலெல்லாம் காணோம்” என்றது ஒரு மூலை.

“காலையில வந்த அந்த அப்டேட்டாலதான் இருக்கும்” என்றது இன்னொரு மூலை.

பராக்கு தலையைத் திரைக்குப் பின்னால் இறக்கிக்கொண்டான். கடிகாரத்தைப் பார்த்தான், நாலு மணி அடுத்த தெருவுக்கு வந்துவிட்டது. ஒரு நாளில் மனைவியையும் கோட்டை விட்டு, வேலையையும் விடப்போகிறோம் என்று நினைத்தான். செய்வதற்கு எதுவும் இல்லாதபோது என்ன செய்வானோ அதையே செய்தான். ஜன்னலைப் பார்த்தான்.

மழை கண்ணாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் மாதிரி லிஃப்ட். அந்தச் செருப்புப் பெட்டிக்குள் தானும் அவளும் குட்டியாக ஏறி நின்றுகொண்டு, ஒவ்வொரு மாடியாக, மழையைப் பார்த்தபடி மேலே போவதாகத் தோன்றியது. அவள் சுவரில் இருந்த கறுப்புப் பெட்டியைத் தொட்டு, “இது என்னப்பா?” என்று கேட்டாள்.

“இதுவா, லிஃப்ட்ட ஓட்டற குட்டிக் கம்ப்யூட்டர். நெட்வொர்க்கே கெடையாது, தனியா...”

பராக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். நெட்வொர்க்கே கிடையாது! அப்டேட் அதைத் தொட்டிருக்க வழியே இல்லை!

லிஃப்டின் கறுப்புப் பெட்டியைத் திறந்தான். எல்லா ஹெட்டர்களும், அவை பேசுவது புரிகிற கருவிகளும் சொகுசாக உள்ளே இருந்தன. இந்த முறை காப்பிதான் என்பதைக் கொட்டாவியை எழுப்பி வாய்விட்டுப் படிக்கச் சொல்லி உறுதி செய்துகொண்டான். சர்வரில் போட்டான், அங்கிருந்து ஒவ்வொரு மேசைக்கும் போட்டான். மூலை மூலையாகத் தட்டச்சுச் சத்தம் திரும்பியது.

நாலு மணிக்கு லிஃப்ட் கிளம்பி, ஒவ்வொரு மாடியிலும் மூச்சுக் காட்டாமல் நின்றது. மேனேஜர் அதற்குள் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பார்த்தார். சொட்டு சிந்தவில்லை.

“தலைமை அலுவலகமே கைய விரிச்சிருச்சு. நீ மொத்த ஆபீசையும் காப்பாத்திட்ட!” என்று முதுகில் தட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். சர்வரைக் கவிழ்த்த கையைப் பராக்கு மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

“அப்ப மாத்தல், சார்...”

“அதுக்குத்தான் கொட்டாவி இருக்கானே. உன்ன அனுப்பிட்டு நான் என்ன பண்ணுவேன்? நீ இல்லாம இந்த ஆபீஸ் ஒரு நாள் ஓடுமா? இனிமே நீ எங்க கேட்டாலும் விடமாட்டேன்” என்றார் அவர் அன்பு பொங்க.

“எனக்கு மாத்தலா?” என்றான் கொட்டாவி. “ரயில்ல படுக்க இடம் கெடைக்கும்ல?”

பராக்கு மாடிப்படி வளைவில் போய் உட்கார்ந்து மனைவிக்கு போன் செய்தான். சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் கொட்டினான். குரல் உடைந்தது.

“நல்லா வேல செஞ்சது தப்பா? நல்லா செஞ்சேன்னு இங்கயே கட்டிப் போட்டுட்டாங்க. இனிமே உன்கூட இருக்க வழியே இல்ல.”

மறுமுனையில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது.

“நான் இங்க மூணு தடவ மாத்தல் கேட்டேன்ப்பா, மூணு தடவையும் எனக்கும் இதே பதில்தான்” என்றாள். “அதனாலதான் இந்த அப்டேட்லேருந்து ஹெட்டர் ஃபைலெல்லாம் எடுத்துட்டு அனுப்பினேன், இவ இங்க வேண்டாம்னு உங்க கொட்டாவிக்குப் பதிலா என்னை அங்க தள்ளிவிட்டுட்டாங்க, திங்கக்கெழமையிலேருந்து உன் பக்கத்து நாற்காலி எனக்கு!”