கிடங்குக்குள் ஒரு மலையேற்றம்

உயரத்துக்குப் பயந்த எவனும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. "தலை சுத்துது", "செருப்பு வழுக்குது" என்று ஏதாவது சொல்லித் தரையிலேயே மரியாதையாக வாழ்ந்துவிடுவான். நானும் அப்படித்தான் வாழ்ந்துகொண்டிருந்தேன். ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கிடைத்த வேலை, திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் சரக்கைச் சரிபார்க்கும் கிளார்க் வேலை. கப்பலுக்குப் போவதென்றால் கயிற்றேணியில் ஏறவேண்டும். (கப்பல் கீழே இறங்கி வராது என்பதை வேலையில் சேர்ந்த பிறகுதான் யோசித்தேன்.)

என் கூட்டாளி யோசப் வெளிநாட்டுக் கப்பலொன்றில் வேலை செய்துவிட்டு வந்தவன். ஏதோ ஒரு துறைமுகத்தில் மண்டபத்துக்குள்ளே சுவரில் ஏறிப் பழகுவதைக் கண்டிருக்கிறான். வந்த கையோடு, வெறுமையாகக் கிடந்த ஒரு கிடங்கின் உட்சுவரில் மரக்கட்டைகளை அடித்தான். கூரை உத்தரத்தில் கப்பி பூட்டிக் கயிறு விட்டான். கீழே தும்பு மெத்தை போட்டான்.

"ஊரைச் சுத்தி இவ்வளவு பாறை கிடக்க, ஏன் மச்சான் கிடங்குக்குள்ள ஏறுவான்?" என்று கேட்டேன்.

"மாரியில பாறை வழுக்கும். இங்க கயிறு பிடிக்க நான் நிக்கிறன். புதுசாப் பழகிற ஆளுக்கு இதைவிடத் திறம் ஒண்டும் இல்லை. கை கால் உரம் பிடிக்கும், நல்லா நித்திரை வரும், பயமும் போயிடும்."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் விழுந்தேன்.

கொட்டும் மழை நாளொன்றில் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறினேன். உண்மையைச் சொன்னால், பாதிச் சுவர்வரை அது இன்பமாகவே இருந்தது. அடுத்த கட்டை எங்கே, எந்தக் காலை வைக்கலாம் என்று தேடும்போது பயத்துக்கு நேரமே கிடைக்கவில்லை. இவ்வளவு நாளும் இதை ஏன் செய்யவில்லை என்றுகூட நினைத்தேன். உச்சிக்குப் போய்ச் சின்ன யன்னலுக்குப் பக்கத்தில் உத்தரத்தைத் தொட்டேன். பிறகு, செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். கீழே பார்த்தேன்.

யோசப் ஒரு சுண்டெலி அளவில் நின்றான். உத்தரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்களை இறுக மூடினேன்.

"கையை விடு மச்சான்! கயிறு தாங்கும், நான் மெல்ல இறக்கிறன்!"

"ஏலாது!"

"விடடா!"

"ஏலாது எண்டுறன்!"

அந்த நேரம் பார்த்துத்தான் கிடங்கு வாசலில் இரண்டு குடைகள் மடங்கின. எனக்குச் சம்பந்தம் பேசியிருந்த வசந்தியும் அவளது அண்ணரும். வசந்தி பட்டணத்துப் பள்ளிக்கூடமொன்றில் விஞ்ஞான ரீச்சர். மாப்பிள்ளையைச் சொல்லாமல் போய்ப் பார்க்கவேண்டும் என்று நான் வேலை செய்யும் கந்தோருக்கு வந்தவர்களை, யாரோ ஒரு புண்ணியவான் கிடங்குக்கு அனுப்பியிருக்கிறான்.

"மாப்பிள்ளை எங்க?" என்று அண்ணர் கேட்டார்.

யோசப் மேலே கையைக் காட்டினான்.

தகரக் கூரையில் மழை அடிக்க, அண்ணரும் தங்கையும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு ஒரு பெண் குரல் சத்தமாக விசாரித்தது. "அந்த யன்னலால என்ன தெரியுது?"

அந்த நிலையில் நான் யாரிடமும் எதிர்பார்க்காத கேள்வி. "துறைமுகம் தெரியுது!" என்று கத்தினேன்.

"கப்பல் நிக்குதோ?"

"ஓம், ரெண்டு கப்பல்!"

"கடல் எப்பிடிக் கிடக்கு?"

"நல்ல நீலமாக் கிடக்கு!"

"இந்த மழையிலயோ?"

"அங்கால மழை இல்லை!"

அவள் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே போனேன். கொடியின் நிறம் சொன்னேன். தளத்தில் துணி உலர்த்தும் மாலுமியைச் சொன்னேன். அவனுடைய தொப்பியைச் சொல்லும்போது என் கைகள் தாமாகவே உத்தரத்தை விட்டிருந்தன. யோசப் கயிற்றைத் தளர்த்தித் தளர்த்தி என்னை மெத்தையில் இறக்கினான். இருந்தபடியே பெண் வீட்டாருக்கு வணக்கம் சொன்னேன்.

வசந்தி என்னைப் பார்க்கவில்லை. கப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் ஏறிப் பாக்கலாமோ?"

"உனக்கென்ன விசரோ?" என்று அண்ணர் பாய்ந்தார்.

"அந்தக் கப்பலைப் பாக்கவேணும் அண்ணா."

சேலையை வரிந்து செருகிக்கொண்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டி ஏறினாள். ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பார்த்துத்தான் கால் வைத்தாள். உச்சியில் யன்னலைத் தள்ளித் திறந்து எட்டிப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கயிறே குலுங்கியது.

"இங்க கடலே இல்லை! பக்கத்துக் கிடங்கின்ர சுவர்தான் தெரியுது! ஒரு காகம் நனைஞ்சுகொண்டு இருக்கு!"

போகிற வழியிலேயே அண்ணர், இந்தப் பொய்க்காரன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். "நடுங்கிக்கொண்டு தொங்கேக்கையும் நான் கேட்டதுக்கெல்லாம் மறுமொழி சொன்ன மனுசன். எனக்கு அதுதான் வேணும்" என்றாளாம் வசந்தி.

யோசப் சொன்ன நன்மைகளில் நித்திரை நன்றாக வந்தது. கயிற்றேணியிலும் ஏறப் பழகினேன், வாய்க்குள் ஏதாவது கதை சொல்லிக்கொண்டு. மற்றபடி, எங்கள் வீட்டில் பொய்க்குப் பொய் என்று பெயரில்லை. போன கிழமையும் பேரன் வந்து, "பல்லுத் தீட்டிட்டன் அம்மம்மா" என்றான்.

வசந்தி அவன் வாயை முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டாள். "ரெண்டு கப்பலோ?"